மூன்றாவது போல்ட்

நான் வாங்கும்போது அந்த ஜீப் பழைய பட்டாள வண்டி. எத்தனை கை மாறி வந்தது என்று தெரியாது. பெட்ரோல் எஞ்சின், கிழிந்த கூரைத் துணி, பின்பக்கம் குண்டு பட்டதோ ஆணி பட்டதோ ஒரு ஓட்டை. அறுபதுகளின் கடைசியில் வாங்கினேன். வித்துராவிலிருந்து மேலே எஸ்டேட்டுகளுக்கு ஓட்டினேன். ஆட்கள், அரிசிச் சாக்கு, மண்ணெண்ணெய் டின், காய்ச்சல்காரர், சில நாள் பிரசவத்துக்காரி. போணக்காடு பாதை அப்போது பாதையே இல்லை. தண்ணீர் போன வழியில் வண்டியும் போகும், அவ்வளவுதான்.

வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய் டெஸ்டுக்குக் காட்ட வேண்டும். ஒரு மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும். இன்ஸ்பெக்டர் வந்து லைட், ஹாரன், ஸ்டீயரிங் பார்ப்பார். பிறகு தள்ளி நின்று கையைக் காட்டுவார். நாம் ஓட்டிவந்து அவர் கை இறங்கும் இடத்தில் பிரேக் போட வேண்டும். வண்டி நேராக நின்றால் பாஸ். பாஸானால்தான் அடுத்த வருஷம் வண்டி ஓடும். ஓடினால்தான் அடுப்பு எரியும்.

டெஸ்டுக்கு முந்தின மாதம் வண்டிக்கு ஏதாவது செய்வேன். முதல் வருஷம் கூரைத் துணி மாற்றினேன். இரண்டாம் வருஷம் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் வைத்தேன். மூன்றாம் வருஷம் பாறையில் அடிபடுகிறது என்று ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டேன். நாலாம் வருஷம் பெரிய டயர். டயர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நெடுமங்காட்டில் இன்னொரு ஜீப்காரர் இருந்தார். டெஸ்டுக்குக் காட்டும்படியான டயர் எங்கள் இருவருக்கும் சேர்த்து நாலுதான் இருந்தது. அவர் டெஸ்ட் முடிந்தால் கழற்றி எனக்கு. என் டெஸ்ட் முடிந்தால் கழற்றி அவருக்கு. பெரிய டயர் அவர் வண்டிக்குச் சேராது. வாங்கினபோது அவருக்குத்தான் வருத்தம்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர். என் வீட்டுக்காரி தென்காசிப் பக்கம். மேலே எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுத்தாள். கல்யாணத்தின்போது அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"திருவனந்தபுரத்துல கடல் உண்டாமே. அதுல ஒரு தடவ கால நனைக்கணும்."

டெஸ்ட் நாளில் போகலாம் என்றேன். மற்ற நாளெல்லாம் வண்டிக்கு ஓட்டம் உண்டு. அந்த ஒரு நாள்தான் வண்டி சும்மா வரும். முதல் வருஷம் வந்தாள். எங்கள் முறை வரும்போது இருட்டிவிட்டது. அடுத்த வருஷம் ஆகட்டும் என்றேன். அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் எஸ்டேட்டில் அவளுக்கு லீவு கொடுக்கவில்லை.

பெரிய டயர் போட்ட வருஷம், மழைக்காலத்தில், கொழுந்துக் கூடையோடு சரிவில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு போயிற்று. ஆறு மாதம் படுக்கை. எழுந்தபோது இடது கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. நடந்தாள். மெதுவாக நடந்தாள். காலை மேலே தூக்க முடியாது.

முதல்முறை வெளியே வந்து ஜீப் பக்கத்தில் நின்றாள். வண்டியின் தளம் அவள் இடுப்புக்கு வந்தது.

"வண்டி உசந்திட்டே," என்றாள்.

"பட்டை போட்டேம்லா. டயரும் பெருசு."

"நல்லாத்தான் உசத்தியிருக்கிய."

நான் அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஏறுவதற்கு ஒரு மரப்பெட்டி வைத்தேன். பெட்டி சாய்ந்து முழங்காலில் விழுந்தாள். பிறகு எந்தப் பெட்டியிலும் ஸ்டூலிலும் அவள் கால் வைத்ததில்லை. ஆடாத ஒன்று வேண்டும் அவளுக்கு. நெடுமங்காட்டில் எனக்குப் பழக்கமான மேஸ்திரியிடம் சொன்னேன். இரும்புத் தகட்டில் அகலமாக ஒரு படி செய்தார். மேலே பிடிக்க ஒரு கம்பி. இடது பக்கம் வண்டியோடு சேர்த்து வெல்டிங் வைத்தார்.

"போல்ட் போட்டா போராதா அண்ணாச்சி?" என்று வெல்டிங் வைக்கும் முன்னால் கேட்டார்.

"அந்த ரோட்டுல போல்ட் நிக்காது. பத்த வச்சிரும்."

எனக்கு எதுவும் ஆடினால் பிடிக்காது. என் வண்டியில் முடிந்ததையெல்லாம் வெல்டிங் வைத்திருந்தேன். மேஸ்திரி படியில் ஏறிக் குதித்துக் காட்டினார்.

"வண்டி போனாலும் இது போவாது. கேட்டீரா?"

அவள் ஏறினாள். சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு, எல்லா இடத்துக்கும் அந்தப் படிதான்.

அந்த வருஷம் டெஸ்டில் இன்ஸ்பெக்டர் படியைப் பார்த்தார். காலணியால் தட்டினார்.

"இது பாடிக்கு வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. ஆள்க்காரங்க மேல இடிக்கும். அறுத்திட்டு வாரும்."

யாருக்கு இந்தப் படி என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் சொன்னது சரிதான். அறுத்துவிட்டு அடுத்த வாரம் போனேன். பாஸ். திரும்பிவந்து மறுபடி வெல்டிங் வைத்தேன். அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்னால் படியை அறுப்பது, டெஸ்ட் முடிந்து இரண்டு நாள் கழித்து ஒட்டுவது.

இதில் நான் கவனிக்காத ஒன்று இருந்தது. வருஷத்தில் அவள் திருவனந்தபுரம் வருகிற நாள் ஒன்றே ஒன்று. வண்டியில் படி இல்லாத நாளும் அதுதான்.

விடியும் முன்னால் வீட்டுக்குப் பின்பக்கம் வண்டியைக் கொண்டுபோய் அவளைத் தூக்கி உட்கார வைப்பேன். யாரும் பார்க்கக் கூடாது அவளுக்கு. டெஸ்ட் நடக்கும்போதும் வண்டியில்தான் இருப்பாள். பிரேக் போடும்போது முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். பழவங்காடிப் பிள்ளையாருக்கு நான் தேங்காய் உடைப்பேன். அவள் வண்டியிலிருந்தே கும்பிடுவாள். தம்பானூர் ஹோட்டலில் சொல்லி இலையில் தோசை வாங்கிவந்து மடியில் வைப்பேன். கடைசியில் சங்குமுகம். கடலைப் பார்க்க ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்துவேன்.

"எறங்குதியா? தூக்கி விடுதேன்."

"இங்ஙன இருந்தே தெரியுதுல்லா. நீங்க போய்ச் சாயா குடிச்சிட்டு வாங்க."

நான் போய்ச் சாயா குடித்துவிட்டு வருவேன். இப்படி ஐந்து வருஷம். அவளுக்குப் பார்த்தாலே போதும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் வருஷம் சாயாக் கடையில் கூட்டம். நிற்க இடமில்லாமல் கிளாஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அங்கிருந்து வண்டி தெரிந்தது. அவள் சீட்டில் திரும்பி உட்கார்ந்தாள். நல்ல காலை வெளியே தொங்கவிட்டாள். பெருவிரலை நீட்டித் தரையைத் தேடினாள். தரை ஒரு முழம் கீழே இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சரிந்தாள். எட்டவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். காலை உள்ளே எடுத்துக்கொண்டாள். புடவையைச் சரிசெய்து, பழையபடி கடலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

சாயா ஆறிவிட்டது. கொட்டிவிட்டுப் போனேன். வண்டியை எடுத்தேன். பேரூர்க்கடை தாண்டினோம்.

"எத்தன வருசமா கால நீட்டிப் பாக்க?" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "பாத்திட்டியளா?"

"பாத்தேன்."

"எல்லா வருசமுந்தான். ஒரு வருசம் எட்டும்னு ஒரு நெனப்பு."

"நான் தூக்கி விடுதேன்னு சொன்னேம்லா."

"அத்தன ஆளு நடுவுல, சின்னப்பிள்ளையத் தூக்குத மாதிரி. வேண்டாம். எனக்கு நானா எறங்கணும்."

நெடுமங்காடு வந்தது. டயர் பங்குபோட்ட நண்பர் ஒரு கடையிலிருந்து கையை ஆட்டினார். நான் நிறுத்தவில்லை.

"படிய ஒட்ட வேண்டாம்," என்றாள். "மாட்டிக் கழத்துத மாதிரி செய்யப்படாதா? டெஸ்ட் முடிஞ்சதும் அங்ஙனயே மாட்டிக்கிடலாம்லா."

"போல்ட் ஆடும்ளா. ஒனக்குத்தான் ஆடுனா பயம்."

"கடலுக்குப் போற வரைக்கும் நின்னா போதும்."

முதல் நாளே மேஸ்திரி போல்ட் போதாதா என்று கேட்டார். ஆடக் கூடாது, ஆடக் கூடாது என்று நான்தான் அதை வண்டியோடு ஒட்டிவைத்து, வருஷா வருஷம் அறுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் வண்டிக்கு வேறு எதுவும் செய்யவில்லை. எஞ்சினுக்கு ரிங் மாற்ற வேண்டியிருந்தது, அதைத் தள்ளிவைத்தேன். நெடுமங்காட்டில் படியை நாலு போல்டுக்கு மாற்றினோம். மேஸ்திரி நாலு ஓட்டை போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் அன்னைக்குச் சொன்னப்ப கேக்கல. இப்ப ஆரு சொன்னா?"

"வீட்டுல."

"பின்ன அவ்வளவுதான்."

டெஸ்ட் நாளில் படியைக் கழற்றிப் பின்சீட்டுக்குக் கீழே சாக்கில் சுற்றி வைத்தேன். வண்டி பாஸானது. மைதானத்து கேட்டைத் தாண்டி மரத்தடியில் நிறுத்தினேன். கடல்வரை போய் மாட்டியிருக்கலாம். அங்கே மணல், நட்டு விழுந்தால் கிடைக்காது. வெயில் இறங்கவும் தொடங்கியிருந்தது. டெஸ்டுக்கென்று தேய்த்துப் போட்ட காக்கிச் சட்டையோடு வண்டிக்குக் கீழே மல்லாந்து படுத்தேன். மூன்று போல்ட் மாட்டினேன். நாலாவதை மாட்டும்போது பக்கத்தில் ஒரு ஜோடிக் காலணி வந்து நின்றது.

"இதென்னவாக்கும் வேலை?"

இன்ஸ்பெக்டர். பாறசாலைப் பக்கத்துக்காரர், நம்மைப் போலத்தான் பேசுவார். நான் வெளியே வந்து எழுந்து நின்றேன். கையில் ஸ்பேனர். சட்டை முதுகெல்லாம் மண். சர்டிபிகேட் என் பையில் இருந்தது. அவர் கை நீட்டிக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் அன்றோடு ஓட்டம் நின்றது.

"படியாக்கும் சார்."

"அது கண்டா தெரியும். நான் அறுக்கச் சொன்ன படியில்லியா இது?"

"ஆமா சார்."

"ஆருக்கு?"

நான் அவளைக் காட்டினேன். அவள் சீட்டிலிருந்து கும்பிட்டாள். "இடுப்பு ஒடைஞ்சது சார். படியில்லாம எறங்க முடியாது. கடலுக்குப் போறோம். எறங்கி ஏறினதும் கழத்திருவேன்."

பொய் சொன்னேன். வீட்டுக்கு வந்தும் கழற்றுவதாக இல்லை.

அவர் அவளையே பார்த்தார். "எல்லா வருசமும் டெஸ்டுக்கு எறங்காம இருக்கது இதுக்குத்தானா? நான் நெனச்சேன், இவரு பிரேக் போடுதது சரியான்னு பாக்க நீங்க கூடவே இருக்கிய போலன்னு."

"அதுவும் உண்டு சார்," என்றாள் அவள்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு காலைப் படிமேல் வைத்து அழுத்தினார். இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றார். ஆட்டிப் பார்த்தார். மைதானத்தில் வண்டியைப் பார்க்கிற அதே பார்வை. இறங்கிக் குனிந்து பார்த்தார்.

"மூணாவது போல்ட் பிடிக்கல. வாஷர் இட்டு முறுக்கும்."

வாஷர் தேடி எடுத்துப் போட்டு முறுக்கினேன். நாலாவதையும் மாட்டினேன். அதுவரை நின்றார். மறுபடி ஒரு காலால் அழுத்தினார்.

"ஆளு இடிக்காம பாத்துப் போணும்," என்று சொல்லிவிட்டு நடந்தார். சர்டிபிகேட்டைக் கேட்கவில்லை.

சங்குமுகத்தில் மணல் விளிம்பு வரை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். நான் ஸ்டீயரிங் பக்கமே நின்றேன். கை கொடுக்கவில்லை. அவள் கம்பியைப் பிடித்தாள். நல்ல காலைப் படியில் வைத்தாள். பிறகு மற்றது. பிறகு மணல். செருப்பைக் கழற்றிப் படிமேலேயே ஜோடியாக வைத்தாள்.

மணலில் அவளுக்கு நடை கஷ்டம். நாலு இடத்தில் நின்றாள். நான் பின்னால் போனேன். ஈர மணல் வந்ததும் நின்று, தண்ணீர் வரட்டும் என்று காத்திருந்தாள். வந்தது. கணுக்கால் வரைக்கும் ஏறியது. புடவையைத் தூக்கவில்லை, நனையவிட்டாள்.

"சூடா இருக்கு," என்றாள். "ஆத்துத் தண்ணி மாதிரி குளுந்து இருக்கும்னு நெனச்சேன்."

"வெயில்லா."

"நீங்களும் வாங்க."

நானும் அதுவரை அந்தக் கடலில் கால் வைத்ததில்லை. வருஷா வருஷம் வந்து சாயாதான் குடித்திருக்கிறேன். காலணியைக் கழற்றிவிட்டுப் போய் நின்றேன். அவள் சொன்னது சரி, சூடாகத்தான் இருந்தது. இருட்டும் வரை நின்றோம்.

அவளே ஏறினாள். படியெல்லாம் மணல்.

நெடுமங்காடு நெருங்கும்போது இடது பக்கம் கடகட என்று சத்தம் கேட்டது. நான் சொன்னதுதான், போல்ட் நிற்காது. வண்டியை ஓரமாக நிறுத்தி ஸ்பேனரை எடுத்தேன். அவள் வெளியே எட்டிப் பார்த்தாள்.

"மூணாவதப் பாருங்க," என்றாள்.

மூன்றாவதுதான். அதற்குப் பிறகு எட்டு வருஷம் அந்த ஜீப் எங்களிடம் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் கடலிலிருந்து திரும்பும்போது ஏறக்குறைய அதே இடத்தில் அது ஆடும். நான் இறங்குவேன். அவள் மேலே இருந்து சொல்வாள். வெல்டிங் வைத்துவிடலாமா என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.