சந்துக்கு முதலில் திறந்தவர்

சந்தின் கடைசி வீட்டுக் கொடியில் தினமும் அதே இரண்டு படுக்கை விரிப்புகள் ஈரமாகத் தொங்கின. போகிறவர் வருகிறவர் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மாநகராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் சாவிக்காரர் மட்டும் நின்று பார்த்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து மேல்தெரு வால்வைத் திருகுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே சந்து வால்வைத் திருகிவிட ஆரம்பித்தார். அவ்வளவுதான் அவர் செய்தது.

அந்தக் கடைசி வீடு தையல்காரம்மாவுடையது. அதற்கு முன்பெல்லாம் மேல்தெருக்காரர்கள் மோட்டார் போட்டு உறிஞ்சியது போக, மிச்சம்தான் சந்துக்குள் வரும். அதுவும் நூல்மாதிரி மெலிசாக வரும். ஒரு குடம் நிரம்புவதற்குள் ஒரு சட்டைக்குப் பொத்தான் காஜா எடுத்துவிடலாம். "ஆண்டவனே, எனக்கு நகை நட்டு வேண்டாம், ரெண்டு குடம் தண்ணி கூடக் குடு" என்று அவள் வேண்டாத நாள் இல்லை. ஒரு நாள் குழாய் திடீரென்று சீறிக்கொண்டு வந்ததும் இரண்டு கையையும் கூப்பி மேலே பார்த்தாள். ஆண்டவன் அப்போது தெருமுனையில் குனிந்து, ஒரு ஆள் உயர இரும்புச் சாவியைத் திருகிக்கொண்டிருந்த விஷயம் அவளுக்குத் தெரியாது.

அவளுக்கு அத்தனை தண்ணீர் எதற்கு என்பதும் ஊருக்குத் தெரியாது. அவள் கணவன் லாரி ஓட்டியவன். ஒரு பக்கம் வாதம் வந்து விழுந்தவன் பிறகு எழுந்திருக்கவில்லை. எல்லாம் படுக்கையிலேதான். வீடு என்பது ஒரே அறை. நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் தையல் மிஷின், வாடிக்கைக்காரர்களின் புதுத் துணிகள். அந்தப் பக்கம் அவன். நாற்றம் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் புதுத்துணியைக் கொண்டுவந்து யார் கொடுப்பார்கள்? அதனால் கேட்டவர்களிடமெல்லாம், "அவருக்குக் கால் வலி, வெளிய வர்றதில்ல" என்றே சொல்லிவைத்திருந்தாள். தினமும் விரிப்பைத் துவைத்து, தரையைக் கழுவி, ஊதுவத்தி ஏற்றிவிட்டுத்தான் கதவைத் திறப்பாள்.

சாவிக்காரர் ஒருகாலத்தில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டின கூலியாள். பிறகு வேலை நிரந்தரமானது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் நன்றாக இருக்கிறாள். சைக்கிள் கம்பியோடு சாவியைக் கட்டிக்கொண்டு வருவார். அவர் வருகிற தினுசைப் பார்த்து, "என்ன மாமா, யாரோட சண்டைக்கு?" என்று டீக்கடைக்காரன் கேட்பான். "உன் டீயோடதாண்டா மாப்ள. தண்ணி விடுற வேலை எனக்கா, உனக்கா?" என்பார். வால்வுக் குழியின் மூடியைத் தூக்கும் முன் நெற்றியில் கை வைத்து ஒரு வினாடி கண்ணை மூடுவார். தண்ணீரும் சாமிதான் என்பது அவர் நினைப்பு.

நல்லது என்றாலும் நாலு பேர் கண்ணில் படாமல் போகுமா? மேல்தெருவில் ஒரு மாடிவீட்டுக்காரர். காலையில் எழுந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டுத்தான் பல் துலக்குவார். சந்துப் பெண்கள் குடத்தை நிரப்பிக்கொண்டு போவதை ஒரு நாள் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டார். அவர் வீட்டுக் குழாயில் அப்போது வெறும் காற்று. கீழே இறங்கி வந்தார். இரண்டு வால்வையும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும் என்பது விதி. சாவிக்காரர் காசு வாங்குகிறார், தையல்காரி அவருக்குச் சும்மா சட்டை தைத்துத் தருகிறாள் என்று புகார் போய்விட்டது. வார்டு அலுவலகத்தில் குறை கேட்கும் கூட்டத்துக்குச் சாவிக்காரரை வரச் சொன்னார்கள். குற்றம் உறுதியானால் வேலை போகும் என்று பேச்சு.

பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னபோது தையல்காரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த மனுஷனோடு அவள் நாலு வார்த்தை சேர்ந்து பேசியதில்லை. மறுநாள் காலை நேரே தெருமுனைக்குப் போனாள்.

"ஏண்ணே, எங்க சந்துக்கு மட்டும் முன்னாடியே தெறக்குறீங்களாமே?"

அவர் நிமிரவில்லை. "வெயில் ஏறுறதுக்குள்ள தொவச்சாத்தானே தங்கச்சி விரிப்பு காயும்" என்றார்.

கால் வலி என்று ஊரையே நம்பவைத்தவள், ஒரு கொடித்துணியை மறைக்க மறந்திருந்தாள்.

"எங்கம்மாவும் கடைசில ஒரு வருஷம் படுக்கைதான். எனக்குத் தெரியும். நீங்க கூட்டத்துக்கு வராதீங்க. உங்க பொழப்பு கெட்டுரும்" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

கூட்டத்தில் நாய்த்தொல்லை, எரியாத விளக்கு, அள்ளாத குப்பை என்று வரிசையாகப் போய், கடைசியில் தண்ணீர் வந்தது. மாடிவீட்டுக்காரர் எழுந்து மூச்சுவிடாமல் பேசினார்.

"காசு வாங்கினீங்களா?" என்று கேட்டார் கவுன்சிலரம்மா.

சாவிக்காரர் தன் சட்டையைத் தொட்டுக் காட்டினார். காலர் இரண்டாகக் கிழிந்து தொங்கியது. "தையக்காரம்மா தச்சுக் குடுத்த சட்டை இப்படியாம்மா இருக்கும்? அவங்க தொழிலுக்கே அவமானமில்லையா?"

சபை சிரித்தது. தண்ணீர்ப் பிரிவு அதிகாரி சிரிக்கவில்லை. "அப்புறம் ஏன் முன்னாடி தெறந்தீங்க? காரணம் சொல்லுங்க."

சாவிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லலைன்னா வேலை போயிரும், தெரியும்ல?" என்றார் அதிகாரி. இரும்புச் சாவியைப் பிடித்துக் காய்த்துப்போன கைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நிற்கவைத்த பிள்ளைபோல் நின்றார்.

தையல்காரம்மா பின்வரிசையில் இருந்தாள். வரவேண்டாம் என்றவர் பேச்சைக் கேட்டு வீட்டில் இருக்க முடியவில்லை. வாயைத் திறந்தால் தொழில் போகும். திறக்காவிட்டால் ஒரு நல்ல மனுஷனின் சோறு போகும். மனதுக்குள், ஆண்டவனே நீயே பேசு என்றாள். ஆனால் எழுந்து நின்றது அவள் கால்தான்.

"காரணம் எங்க வீடுதாங்க" என்றாள். "எங்க வீட்டுக்காரர் படுத்த படுக்கை. எல்லாம் படுக்கையிலேயே. தெனம் ரெண்டு விரிப்பு அலசணும். நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. இவர்கிட்டயும் சொல்லல. கொடியில காயுறதைப் பாத்து இவரே செஞ்சிருக்காரு. இப்பகூட என் மானத்தைக் காப்பாத்தத்தான் வாயைத் தெறக்காம நிக்குறாரு."

மாடிவீட்டுக்காரர் உட்கார இடம் தேடினார். அவர் மனைவி விடவில்லை. "நம்ம தொட்டி நெறஞ்சு தெனமும் சாக்கடையில ஓடுதே, அதையும் எந்திரிச்சுச் சொல்லுங்களேன்" என்றாள், ஊரே கேட்க.

ஆனாலும் விதி விதிதான் என்றார் அதிகாரி. கேட்காமல் கொள்ளாமல் முறையை மாற்றியதற்குச் சாவிக்காரரை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். வேலை தப்பியது. சந்துக்கு முதலில், பிறகு மேல்தெருவுக்கு என்று கவுன்சிலரம்மா அங்கேயே உத்தரவு வாங்கிவிட்டார்.

இரண்டு மூன்று பேர் தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிப் போனார்கள். சாக்குச் சொல்லிக்கொண்டுதான் வாங்கினார்கள். அவளும் சிரித்துக்கொண்டே மடித்துக் கொடுத்தாள். ஒரு மாலை மாடிவீட்டுக்காரர் மனைவி பை நிறையத் துணியோடு வந்து, திரையை விலக்கி உள்ளே போய், "என்னண்ணே, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள். அவன் குழறினான். என்ன சொன்னான் என்று யாருக்கும் புரியவில்லை. அழுதான் என்பது புரிந்தது. அதற்கப்புறம் பகலில் அந்தத் திரையை மூடவேண்டிய அவசியம் தையல்காரம்மாவுக்கு இல்லாமல் போயிற்று.

புதிய ஆளிடம் சாவியை ஒப்படைத்த அன்று சாவிக்காரர் முதல்முறையாக அந்த வீட்டுப் படியேறினார். படுத்திருந்தவனின் விளங்காத கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தார்.

"புது ஆளு உங்களமாதிரி பாத்துச் செய்வாராண்ணே?" என்று கேட்டாள் அவள். கண் கலங்கியிருந்தது.

சைக்கிள் ஸ்டாண்டை உதைத்துத் தள்ளிவிட்டு அவர் திரும்பினார்.

"நல்ல பையன்தான். ஆனா அவனாப் பாத்துச் செய்வான்னு இருந்துராதீங்க தங்கச்சி. ஒரு நாள் தண்ணி வரலைன்னாலும் வாயைத் தெறந்து கேளுங்க. அன்னிக்குக் கூட்டத்துல பேசினமாதிரியே, நல்லாச் சத்தமா."