தொண்டை கட்டிய சாட்சி

போன ஞாயிற்றுக்கிழமை என் கணவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஐஸ்கிரீம் சாப்பிடவில்லை, மழையிலும் நனையவில்லை. காரணம்... கரியாலூர் பஸ்!

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். பெயர் அருள்தாஸ். கள்ளக்குறிச்சி கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. கூண்டில் ஏறப்போகிற சாட்சிகளைத் தேற்றி அனுப்புவதில் கெட்டிக்காரர். "வார்த்தைய முழுங்காதீங்க. கண்ணால பாத்தத மட்டும் சொல்லுங்க. எவனோ சொன்னான், நான் கேட்டேன்னா செல்லாது. சத்தமா சொல்லுங்க, ஜட்ஜுக்குக் கேக்கணும்!" இந்த வசனம் எங்கள் வீட்டு குக்கருக்கே மனப்பாடம்.

அதே மனிதரை எங்கள் சர்ச் சபையில் எழுந்து சாட்சி சொல்லச் சொன்னால்? கடவுள் எனக்கு இன்ன நன்மை செய்தார் என்று எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்வதைத்தான் நாங்கள் சாட்சி என்போம். அவ்வளவுதான், கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்.

போன வருஷம் எங்கள் மகள் ஜெனிக்கு டெங்கு. ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. ஐ.சி.யூ. வாசலில் சுவரைப் பார்த்து நின்றபடி இவர் ஒரு பொருத்தனை செய்தார். "புள்ள பொழச்சா, சபை முன்னாடி என் வாயால சாட்சி சொல்றேன் ஆண்டவரே."

ஜெனி பிழைத்தாள். இப்போது காலேஜுக்குப் போகிறாள், வீட்டில் எங்கள் இருவரையும் மிரட்டுகிறாள். சாட்சிதான் வரவில்லை. ஈஸ்டருக்கு என்றார். அறுப்புப் பண்டிகைக்கு என்றார். கிறிஸ்மஸில் கூட்டம் ஜாஸ்தி என்றார். கடவுளிடமே வாய்தா வாங்குகிற குமாஸ்தாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அவரோடு குடும்பமே நடத்துகிறேன்.

ஆனால் மனிதருக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டேதான் இருந்தது. ஜெபம் முடிந்ததும், "சொன்ன வார்த்த அப்படியே நிக்குதே..." என்று முணுமுணுப்பார். பாவமாக இருக்கும். அதனால்தான் மலைமேல் கரியாலூரில் உள்ள சின்ன சபையின் பாஸ்டர் சாட்சி சொல்லக் கூப்பிட்டதும், கூட்டம் கம்மி என்ற தைரியத்தில் ஒப்புக்கொண்டார்.

பஸ் மலை ஏறத் தொடங்கியது. நான் அவர் பாணியிலேயே ஆரம்பித்தேன். "சாட்சி சொல்லும்போது முழுங்காதீங்க. சத்தமா சொல்லுங்க."

முன் சீட்டிலிருந்து ஒரு பெண் திரும்பினாள். மடியில் காலி டிபன் கேரியர்.

"இன்னாக்கா, ஞாயித்துக்கெழம கூடவா கோர்ட்டு?"

"கோர்ட்டு இல்லம்மா..." என்றேன்.

"அடிதடியா, நெலத் தகராறா? யாரு மேல கேஸு?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"யாரு மேலயும் இல்லம்மா. இது... சாமிக்காகச் சொல்ற சாட்சி," என்றார் அவர்.

"அய்யய்யோ... சாமி மேலயே கேஸா!"

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் நிமிர்ந்துவிட்டார். இனி தப்ப முடியுமா?

"மேல இல்லம்மா, பக்கம்! நான் சாமி பக்கம்!" என்று இவர் விளக்கத் தொடங்கினார். கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் உறுமியது. கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல்: "கேக்கலண்ணே, சத்தமா சொல்லுங்க!"

தினமும் ஊருக்குச் சொல்கிற வசனம்... அவருக்கே திரும்பி வந்தது.

கத்தினார். "எம்பொண்ணு சாவக் கெடந்தா! இயேசுகிட்ட கேட்டேன்! திருப்பிக் குடுத்தாரு!" வளைவுக்கு வளைவு கத்தினார். வாய்தா வாங்கிய கதையையும் விடவில்லை. மூக்குக்கண்ணாடிக்குள் கண்ணீர் இறங்கியது, அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. எனக்கு அப்போது கிண்டல் வரவில்லை. அழுகைதான் வந்தது.

அந்தப் பெண் கேரியரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பெயர் பச்சையம்மா. "எம்புள்ளயும் அதே காச்சல்ல ஜி.எச்.ல கெடக்குறான்ணே. மாத்துத் துணி எடுக்க வூட்டுக்குப் போய்க்கினு இருக்கேன்," என்றாள்.

சபையில் பாஸ்டர் இவர் பெயரைச் சொல்லி அழைத்தார். இவர் முன்னால் போய் நின்றார், வாயைத் திறந்தார்... காற்றுதான் வந்தது. தண்ணீர் குடித்தார். மறுபடியும் காற்று. பஸ்ஸிலேயே குரல் தீர்ந்துவிட்டது! முகம் செத்துப்போயிற்று. ஒரு வருஷம் கழித்துத் தைரியம் வந்த அன்றைக்கா இப்படி ஆக வேண்டும்?

"ஐயா, அவுருக்குத் தொண்ட போயிடுச்சு. நான் சொல்றேன். பஸ்ஸுல கேட்டுக்கினுதான் வந்தேன்."

எல்லாரும் திரும்பினோம். வாசலில் துணிப்பையோடு பச்சையம்மா.

"இவுரு பெரிய வக்கீலு," என்று தொடங்கினாள். இவர் பதறிக் கையை ஆட்டினார். அவள் கண்டுகொள்ளவில்லை. "இவுரு பொண்ணு சாவக் கெடந்துச்சாம். இயேசு சாமிகிட்ட வேண்டிக்கினாரு. பொழச்சிக்கிச்சு. சொல்றேன்னு சொல்லிட்டு வாய்தா வாங்கிக்கினே இருந்தாராம். இன்னிக்கு பஸ்ஸுல சொல்லிட்டாரு. எம்புள்ளைக்கும் அப்படியே வேண்டிக்குங்க. கீழ போற பஸ்ஸு வந்துரும்."

சபை மொத்தமும் எழுந்து நின்று அந்தப் பிள்ளைக்காக ஜெபித்தது.

எனக்கு ஒன்று தோன்றியது. கடவுள் நல்லவர் என்று சபைக்குள் எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்கிறோம், நாங்களே ஆமென் போடுகிறோம். அது தெரியாமல், தெரிய வேண்டிய தேவையோடு ஒருத்தி முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குக் கேட்காத சத்தம் என்ன சத்தம்?

மாலையில் ஜி.எச்.சுக்குப் போனோம். பையனுக்குக் காய்ச்சல் இன்னும் முழுசாக விடவில்லை. கஞ்சி வேண்டாம், புரோட்டாதான் வேண்டும் என்று அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். இவர் அவன் தலையில் கை வைத்து, இல்லாத குரலில் ஜெபித்தார்.

வெளியே வந்ததும் குமாஸ்தா விழித்துக்கொண்டார். "அந்தம்மா எதையும் கண்ணால பாக்கலையே..." என்று கிசுகிசுத்தார். "கேட்டதத்தான சொல்லுச்சு? அது செல்லுமா?"

"கோர்ட்டுலதாங்க செல்லாது. சபையில ரெண்டாயிரம் வருஷமா அதுதானே ஓடிக்கிட்டிருக்கு!"