கறிவேப்பிலை போட்ட பாமியா

ஒரு கொத்து கறிவேப்பிலையையும் இரண்டு கரண்டி மிளகாய்த் தூளையும் வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயை ஏமாற்றிவிடலாம் என்று நினைத்த மடையனை உங்களுக்குத் தெரியுமா? தெரியும். வாராவாரம் இந்தப் பக்கத்தின் உச்சியில் அவன் போட்டோதான் வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில், எனக்கு எதிர் வீடு சவரிமுத்து. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். மனைவி ரெஜினா. ஒரே பையன் ஜெரால்டு. லாரி ஓட்டுவான். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்குமே... அந்த வரிசையில் நின்று நின்று வெறுத்துப்போய், ஒரு ஏஜென்ட்டைப் பிடித்து ஈராக் போனான். அங்கே சண்டை முடிந்துவிட்டது, இனிமேல் கட்டுகிற வேலைதான் என்று டி.வி. சொல்லிக்கொண்டிருந்த சமயம். பாஸ்ரா பக்கத்தில் ஏதோ ஒரு துருக்கிக் கம்பெனியின் கேம்ப். ஜல்லி, சிமென்ட் லாரி ஓட்டுகிற வேலை.

அவர்கள் வீட்டில் போன் கிடையாது. ஜெரால்டு எங்கள் வீட்டுக்குத்தான் பண்ணுவான். ரெஜினா ஓடி வந்து எங்கள் ஹாலில் நின்று பேசுவார். நாகரிகம் தெரிந்தவன் இல்லையா நான்? டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். அதையும் தாண்டி ஒரு கேள்வி மட்டும் கேட்கும்.

"துன்னியா? இன்னா துன்ன?"

அவன் என்ன பதில் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. என் வீட்டு போன்தான், ஆனால் உரையாடலில் பாதிதான் எனக்குக் கேட்டது. இந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் பிற்பாடு அவ்வளவு புத்திசாலித்தனமும் பண்ணினேன்.

போன வருஷம் பாலைவன ரோட்டில் அவன் லாரி கவிழ்ந்தது. ஓட்டும்போது தூங்கிவிட்டான் என்றது கம்பெனி. பெட்டி வந்தது. திறக்கக்கூடாது என்று ஒரு காகிதமும் கூடவே வந்தது. திறக்கவில்லை. கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது, தோள் கொடுத்தவர்களில் யாரோ ஒருவர் மெதுவாகச் சொன்னார். கெட்ட எண்ணத்தில் இல்லை, சும்மா வாயில் வந்ததுதான்.

"இன்னாடா, பொட்டி இவ்ளோ லேசா கீது?"

அது ரெஜினாவின் காதில் விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே நினைப்பு. புள்ள பட்டினி. அங்கே சாப்பாடு ஒத்துக்காமல் இளைத்துத் துரும்பாகித்தான் செத்தான். தூக்கம் வந்து லாரி கவிழவில்லை, பசி மயக்கத்தில் கவிழ்ந்தது. யார் என்ன சொன்னாலும் ஏறவில்லை. தானும் சரியாகச் சாப்பிடுவதில்லை. தட்டில் சோற்றைப் போட்டுக்கொள்வார், ரெண்டு வாய் வைப்பார், "அவன் இன்னா துன்னானோ" என்பார். கை கழுவிவிடுவார்.

இந்த நிலைமையில்தான் ராயபுரத்தில் 'பாஸ்ரா கார்டன்' திறந்தார்கள். கப்பல் சாமான் விற்கிற கடைக்கு மேலே, மாடியில். கார்டன் என்பது வாசலில் தொங்கிய ஒரு மணிபிளான்ட். 'துருக்கி - ஈராக்கி உணவுகள்' என்று பெரிதாக ஒரு போர்டு. அதற்குக் கீழே, எதற்கும் இருக்கட்டும் என்று, 'மினி மீல்ஸ் கிடைக்கும்'.

சவரிமுத்து ஒருநாள் வாசலில் வந்து நின்றார்.

"சார், நீ துருக்கிக்கெல்லாம் போயி வந்த ஆளு. அந்த ஓட்டலாண்ட எங்கள இட்டுனு போறியா? ஜெரால்டு இன்னா துன்னான்னு அது ஒருதபா பாத்துட்டா..." முடிக்கவில்லை. "தெம்பா ஆயிடும் சார்."

துருக்கியில் நான் பார்த்தது ஒரு விமான நிலைய பெஞ்ச். ஐரோப்பாவில் ஒரு தமிழ் விழாவுக்குப் போகிற வழியில் அதில் ஒரு ராத்திரி படுத்துக் கிடந்தேன். அதை வைத்து நாலு வாரம் இதே பக்கத்தில் எழுதினேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். மறந்திருந்தால் சந்தோஷம்.

இட்டுக்கொண்டு போவதாகச் சொன்னேன். சும்மா போயிருக்கலாம் அல்லவா? அதுதான் முடியாதே நமக்கு. சனிக்கிழமை சாயந்திரமே ஓட்டலுக்குப் போய் ஓனரைப் பார்த்தேன். ஆம்பூர்க்காரர். இளமையில் பாஸ்ராவில் கேம்ப் மெஸ்ஸில் சமைத்தவர், தொண்ணூறில் சண்டை வந்ததும் கட்டின துணியோடு திரும்பியவர். பாய் ஒரு ஸ்பூன் ருசி பார்க்கக் கொடுத்தார். பாமியா. வெண்டைக்காயும் ஆட்டுக்கறியும் தக்காளியும். ஒரே புளிப்பு. காரம்? மருந்துக்குக்கூட இல்லை.

எனக்குப் பகீரென்றது. காசிமேட்டு மீன் குழம்பில் வளர்ந்த குடும்பம். இதை அந்த அம்மாள் வாயில் வைத்தால் என்ன ஆகும்? புள்ள பட்டினிதான் என்று முடிவே கட்டிவிடுவாரே?

"பாய், நாளைக்கு மட்டும் நம்ம ஊர் மாதிரி பண்ணிடுங்க. காரம் தூக்கலா. கொஞ்சம் மசாலா. தாளிப்பு."

"அது பாமியாவே இல்லியே சார்."

"அது நமக்குத்தானே தெரியும்?"

காரணத்தைச் சொன்னேன். பாய் ஸ்பூனைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "செய்றேன் சார். மனசு ஒப்பல, ஆனா செய்றேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மூன்று பேரும் மாடி ஏறினோம். ஜன்னலோர டேபிள். வெளியே துறைமுகத்துக் கிரேன்கள். சவரிமுத்து அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். பக்கத்து டேபிளில் கப்பல்காரர்கள் நாலைந்து பேர். வெள்ளைத் தோல், வெயிலில் வெந்த மூக்கு. அவர்கள் பேசாமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் ஆரம்பித்தேன். துருக்கியர்கள் இப்படித்தான், ஈராக்கியர்கள் அப்படித்தான்... பெஞ்சில் படுத்தபடி கற்ற ஞானம் அத்தனையும். ரெஜினா கேட்டுக்கொண்டார். கேட்டாரா என்பது வேறு விஷயம்.

தட்டு வந்தது. கமகமவென்று வந்தது. செக்கச் சிவக்க, மேலே எண்ணெய் மிதந்துகொண்டு.

"அம்மா, இதைத்தான் ஜெரால்டு தினமும் சாப்பிட்டான்," என்றேன். எவ்வளவு தைரியம் பாருங்கள்!

ரெஜினா சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு வாய் வைத்தார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு உள்ளே ஒரு குதி. அப்போது அவர் குழம்பிலிருந்து ஒரு கறிவேப்பிலையை இரண்டு விரலால் எடுத்தார். தட்டின் விளிம்பில் வைத்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெரால்டு நைனா..." மகன் இருந்தபோது புருஷனை எப்படிக் கூப்பிட்டாரோ அப்படித்தான் இப்போதும். "அவன் போன்ல இன்னா சொன்னான்? வெண்டக்காய கறியில போட்டு ஆக்குறாங்கம்மா, ஒரே புளிப்பு, காரமே கெடியாது, மொத நாளு குமட்டினு வந்திச்சி, இப்போ பயகிடுச்சின்னான். சொன்னானா இல்லியா?"

"சொன்னான்."

"இது காரமா கீதே."

சவரிமுத்து என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் டம்ளரைப் பார்த்தேன்.

"அப்போ காரமில்லன்னு அவன் சொன்னது பொய்யா? அது பொய்யின்னா..." அந்த இலையை விரலால் தள்ளினார். "வயிறு நெறைய துன்னேன்மான்னு சொன்னதும் பொய்தானே?"

ஒரு பிள்ளை அம்மாவிடம் கடைசிவரை உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். செத்துப்போன பிறகு அவனைப் பொய்யனாக்க நான் சொந்தக் காசில் லஞ்சுக்கு ஏற்பாடு பண்ணியிருக்கிறேன்.

கெட்டது செய்ய வருகிறவனைப் பற்றிச் சொல்லப் போலீஸ் இருக்கிறது. நல்லது செய்யக் கிளம்பி வருகிறானே, அவனைப் பற்றி எங்கே போய்ப் புகார் கொடுப்பது?

"ஜெரால்டு பொய் சொல்லலம்மா," என்றேன். "நான்தான். நான்தான் பாய்கிட்ட சொல்லி இப்படிப் பண்ணச் சொன்னேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. ரெஜினா அந்தத் தட்டை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார்.

"என் புள்ள துன்னத கொண்டாரச் சொல்லு சார்."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாய் சமையல்கட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். கப்பல்காரர்களுக்கு வைத்திருந்த சட்டியிலிருந்து எடுத்து வந்து அவரே பரிமாறினார். வெளிறிய சிவப்பில் குழம்பு. வெள்ளைச் சோறு. நடுவில் பருத்து இரண்டு முனையும் கூரான ஒரு ரொட்டி, சின்னப் படகு மாதிரி. சமூன் என்றார். கூடவே காய்ந்த எலுமிச்சையைக் கொதிக்கவிட்ட, பால் இல்லாத டீ.

முதல் வாயில் ரெஜினாவின் முகம் சுருங்கியது. கண்ணை மூடிக்கொண்டார். விழுங்கினார். அடுத்த வாய். அதற்கடுத்து ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தார். ஒரு வெண்டைக்காயைத் தனியாக எடுத்துப் பார்த்தார்.

"வூட்ல வெண்டக்காய கண்டா தட்ட தள்ளிடுவான்," என்றார் யாரிடமோ. அதையும் சாப்பிட்டார்.

பிறகு தலையைத் தூக்கிப் பாயைப் பார்த்தார். "ரெண்டாவது தபா கேட்டா போடுவாங்களா பாய் அங்க?"

"கேக்கக் கேக்கப் போடுவாங்கம்மா. ரொட்டிக்குக் கணக்கே கெடையாது. கூடையில வச்சிருப்பாங்க, யார் வேணா எடுத்துக்கலாம்."

"கறி?"

"கறியும்தாம்மா."

பாய் சொன்னது உண்மைதானா? நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. அன்றைக்கு அந்த டேபிளில் கேள்வி கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

ரெஜினா முழுத் தட்டையும் சாப்பிட்டார். ரொட்டித் துண்டால் தட்டை வழித்துச் சாப்பிட்டார். ஒரு வருஷமாக அந்த அம்மாள் ஒரு தட்டைக் காலி பண்ணி யாரும் பார்த்ததில்லை. சவரிமுத்து இப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக் கிரேன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. பக்கத்து டேபிள் கப்பல்காரர்களில் ஒருவன், நரைத்த மீசைக்காரன், சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான். பாஷை தெரியாதவனுக்கு எதுவோ புரிந்திருக்க வேண்டும். தன் கூடையிலிருந்த ரொட்டி ஒன்றை எடுத்து ரெஜினாவின் முன்னால் வைத்துவிட்டுப் போனான்.

அதை அவர் சாப்பிடவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டார்.

மாடிப்படி இறங்கும்போது நடுப்படியில் நின்றார். கீழே ரோட்டில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"அது ப்ளைவுட்டு பொட்டி, ஜெரால்டு நைனா," என்றார். "அதான் கனமில்ல."

"ஆமா," என்றார் சவரிமுத்து.

வீடு வரைக்கும் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை என்பதைத் தனியாகக் குறிப்பிடுகிறேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

செவ்வாய்க்கிழமை காலையில் பால் வாங்கப் போனபோது ரெஜினா எதிரே வந்தார். கண் வீங்கித்தான் இருந்தது. ஆனால் கையில் மீன் பை. ஒரு வருஷத்துக்குப் பிறகு மீன் பை!

மன்னிப்புக் கேட்க இதுதான் சமயம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, அன்னைக்கு நான் பண்ணது..." என்று இழுத்தேன்.

"வுடு சார். நல்லதுக்குத்தான் பண்ண." ரெண்டடி போனவர் நின்று திரும்பினார். "ஆனா ஒன்னு சொல்றேன், கோச்சிக்காத. நீ சொல்லி ஆக்குன பாரு, அந்த மொத தட்டு... அத தெனம் போட்டிருந்தாங்கன்னா, என் புள்ள நெஜமாவே பட்டினிதான் கெடந்திருப்பான்."