படகுத் தூசிக்கு மெசின் வாங்கிய கதை

உங்களில் மூத்தவளுக்கு அப்போது எட்டு மாதம். நான் வேலையால் வந்து சைக்கிளைச் சுவரில் சாத்தும் சத்தம் கேட்டதும் இரண்டு கைகளையும் நீட்டுவாள். நான் கிணற்றடியில் மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் குளித்து, தோய்த்த சாரம் கட்டிக்கொண்டு வந்துதான் தூக்குவேன். அப்படியிருந்தும் அவளுடைய கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் சிவப்புச் சிவப்பாய்த் தடித்தது. சொறியத் தெரியாத வயது. முகத்தை என் தோளில் உரசி உரசி அழுவாள். உரச உரச இன்னும் கூடும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா பிள்ளையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கள் என்ன வேலை?"

"ஃபைபர் படகு திருத்திறனான்."

சின்ன டோர்ச்சை எடுத்து என் முன்னங்கையில் அடித்தார். குளித்துவிட்டு வந்த கை. மயிருக்கு நடுவே பொடிப்பொடியாய் மினுங்கியது.

"இந்தத் தூசியை வேலை இடத்திலயே நிப்பாட்டுங்கோ. அதுவரைக்கும் பிள்ளையைத் தூக்காதேங்கோ. நிப்பாட்டினாப் பிறகும் இரண்டு கிழமை, பதினாலு நாள், பொறுங்கோ. ஒரு தடிப்பும் இல்லையெண்டால் தூக்கலாம்."

வேலையை விடலாம்தான். விட்டுவிட்டு எங்கே போவது? கடலுக்குப் போக ஆமியின் பாஸ் வேண்டும், வயலுக்குப் போகப் பயம். ஆகவே நான் முற்றத்திலும் பிள்ளை வாசலிலுமாக வாழத் தொடங்கினோம். "இஞ்சாருங்கோ, அங்கயே நிண்டு கதையுங்கோ" என்று உங்கள் அம்மா மண்ணில் ஒரு கோடு கீறி வைத்தா. நான் கோட்டுக்கு வெளியே நின்று கோமாளி வேலை எல்லாம் காட்டுவேன். பிள்ளை கையை நீட்டும். அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவா.

பட்டறை உள்துறைமுகக் கரையோரத்தில் இருந்தது. கண்ணாடி நார்ப் பாயை ரெசினில் தோய்த்துப் படகின் ஓட்டையில் ஒட்டுவோம். காய்ந்து கல்லானதும் கிரைண்டரால் தேய்த்து மட்டப்படுத்துவோம். ஓட்டை எதனால் வந்தது என்று நாங்கள் கேட்பதில்லை, கொண்டு வந்தவர்களும் சொல்வதில்லை. யுத்த காலத்தில் வேலைக்குக் குறைவில்லை. தேய்க்கும்போது பறக்கிற தூசி சாதாரணத் தூசி அல்ல. கண்ணாடி ஊசி. கண்ணுக்குத் தெரிகிற பெரிய தூசி தோலைச் சுனைக்க வைக்கும். தெரியாத சின்னத் தூசிதான் நெஞ்சுக்குள் போகும்.

வேலை முடிந்ததும் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஐந்து பேரும் வரிசையாய் நிற்போம். கொம்பிரசர் குழாயால் ஒருவருக்கு ஒருவர் காற்றடித்து விடுவோம். அந்த வெயிலுக்கு அது சொர்க்கம். சட்டைக்குள் காற்றுப் புகுந்து பலூன் மாதிரி ஊதும். சிரிப்பும் பகிடியுமாய் இருக்கும். ஒருவன் மேலிருந்த தூசி மற்ற நாலு பேர் மேலும் போய்ப் படிகிறது என்று ஒருவரும் யோசித்ததில்லை. டோர்ச் வெளிச்சத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

எங்கள் முதலாளி கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர். நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவோம். அவரிடம் போய், தூசியை உறிஞ்சுகிற மெசின் ஒன்று வேண்டும் என்று கேட்டேன்.

"இருவது வருஷமா இந்தத் தூசிய தின்னுறன் தம்பி. எனக்கு என்ன வந்துட்டு?" என்று சொல்லிக்கொண்டே கதவு நிலையில் முதுகை உரசினார்.

"நானா, இப்ப என்ன செய்யிறீங்கள்?"

உரசுவதை நிறுத்தி யோசித்தார். "மெய்தான். வீட்டிலயும் எனக்குத் தனிப் பாய்தான் போட்டிருக்கு. சரி, ஒரு வழியப் பாப்பம்."

உப்புவெளிப் பக்கம் ஒரு விடுதி, ஆட்கள் வராமல் பூட்டிக் கிடந்தது. அங்கே கம்பளம் துடைக்கிற வக்யூம் மெசின் ஒன்று சும்மா இருந்தது. நானா அதை இரவல் வாங்கி வந்தார். நிலத்துத் தூசியை ஒரே மூச்சில் விழுங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் காலை வெயில் யன்னலால் சரிந்து விழுகிற இடத்தில் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்திலிருந்து மினுமினுவென்று புகை மாதிரி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. பெரிய தூசியைப் பையில் பிடித்துக்கொண்டு, பொல்லாத சின்னத் தூசியை முகத்துக்கு நேரே ஊதிக்கொண்டிருந்தது. நாலாம் நாள் மோட்டாருக்குள் தூசி போய்க் கருகி நின்றது. நானா விடுதிக்காரருக்கு ஒரு பெரிய பாரைமீனைக் கொடுத்துச் சமாளித்தார்.

நீங்கள் எப்போதாவது இப்படி ஒரு மெசின் வாங்கப் போனால் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். எவ்வளவு இழுக்கிறது என்று எல்லோரும் காட்டுவார்கள். பின்பக்கத்தால் என்ன வருகிறது என்று பாருங்கள்.

கொழும்புக்குப் போய்ச் சரியானதை வாங்கி வரச் சொல்லி நானா என்னை அனுப்பினார். "நல்ல சத்தமாப் பாத்து எடு. சத்தம் இல்லாத மெசின்ல சக்தி இல்ல" என்பது அவருடைய புத்திமதி. கடைக்காரர் தன் தூசியை உறிஞ்சிக் காட்டுவார், எங்கள் தூசியை அல்லவா உறிஞ்ச வேண்டும்? அதனால் பட்டறைத் தூசியை ஒரு பழைய பால்மா டின்னில் நிரப்பி, மூடியை இறுக்கி, பைக்குள் வைத்துக்கொண்டு விடியற்காலை பஸ் ஏறினேன். யுத்த காலத்தில் வெள்ளைத் தூளோடு சோதனைச் சாவடி தாண்டப் போகிறோம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. பிள்ளையின் கன்னம் மட்டும்தான் நினைப்பில் இருந்தது.

சாவடியில் எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். ஒரு இளம் சிப்பாய் என் டின்னைத் திறந்தான்.

"கிரிப்பிட்டி?" பால்மாவா என்று கேட்டான்.

"நெவெய், நெவெய்", இல்லை என்று தலையாட்டினேன். அதற்குமேல் எனக்குச் சிங்களம் வரவில்லை. தடுப்பதற்கு முன் இரண்டு விரலை உள்ளே விட்டு உரசிப் பார்த்தான். பிறகு கழுத்தைத் தொட்டான். பிறகு காதை. ஒரு நிமிடம் போகவில்லை, துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு இரண்டு கையாலும் சொறியத் தொடங்கினான். மற்றச் சிப்பாய்கள் துவக்கைத் தூக்கினார்கள். நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன்.

தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்தார். "என்ன மாவு இது?"

"மாவில்லை சேர். போட் தேய்ச்ச தூசி. கண்ணாடி. இதை உறிஞ்ச ஒரு மெசின் வாங்கப் போறன்."

"குப்பையைக் கொழும்புக்குக் கொண்டுபோறது?"

"ஓம் சேர். கடையில கொட்டிப் பாக்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் என் கையை வெயிலில் நீட்டி மினுங்குவதைக் காட்டினேன். "சேர், அவரைத் தண்ணி ஊத்திப் போட்டுத் தேய்க்க விடாதேங்கோ, இன்னும் உள்ள போகும். பிளாஸ்டர் இருக்கோ?" என்று கேட்டேன். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் கொண்டுவந்தார்கள். அதைச் சிப்பாயின் விரலில் ஒட்டி உரித்தேன், கழுத்தில் ஒட்டி உரித்தேன். ஊசிகள் பிளாஸ்டரோடு வந்தன. அவன் விரலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். மற்றவர்கள் அவனைக் கேலி செய்தார்கள். அதிகாரி டின்னைத் தொடாமல் காலால் என் பக்கம் தள்ளி, "கொண்டுபோ, கொண்டுபோ" என்றார். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மட்டும் வேறு ஆசனத்துக்கு மாறிவிட்டார்.

கொழும்புக் கடையில் கழுத்தில் கறுப்பு டை கட்டிய விற்பனையாளர் ஒரு பெரிய சிவப்பு மெசினைக் காட்டினார். இரண்டு மோட்டார், இடி மாதிரிச் சத்தம். நானா கண்டிருந்தால் கட்டிப்பிடித்திருப்பார். நான் டின்னைத் திறந்தேன்.

"ஐயோ, கடைக்குள்ள கொட்டாதீங்க சார்."

"அப்ப வாசல்ல கொட்டுறன். உங்களிட்ட கறுப்புத் துணி ஏதும் இருக்கோ?"

அவர் தேடினார். கடை முழுக்க வெள்ளைத் துணி. கடைசியில் தன் டையைப் பார்த்தார். நல்ல மனிதர், தானே கழற்றித் தந்தார். சிவப்பு மெசினின் பின்பக்கக் காற்றில் டையைப் பிடித்தேன். அரை நிமிடத்தில் கலியாணச் சேலை மாதிரி ஜொலித்தது.

"இத எப்படி சார் இனிக் கட்டுறது?"

"கட்டாதேங்கோ. சொறியும்."

அவர் உள்ளே போய் மூலையில் கிடந்த சாம்பல் நிற மெசின் ஒன்றை இழுத்து வந்தார். உயரம் என் இடுப்பளவு, சத்தம் குறைவு. முதலில் துணிப் பை, அதற்குப் பிறகு மடிப்பு மடிப்பாய்க் காகித பில்டர் ஒன்று. தூசிப் பையை எடுக்கும்போது வாயை மூடிக் கட்ட ஒரு மூடியும் இருந்தது. மோட்டாருக்குத் தூசி போகாத மாதிரி எல்லாம் முன்னாலேயே மறித்திருந்தார்கள். டையின் மறு நுனியைப் பிடித்துப் பார்த்தோம். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. மேலதிக காகித பில்டர் இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றே ஒன்று இருந்தது, அடுத்தது கப்பலில் வர மாதக்கணக்காகும். அதை எப்படிப் பராமரிப்பது என்று கேட்டுக்கொண்டு, அந்த ஒன்றையும் சேர்த்தே எடுத்தேன்.

பட்டறையில் மெசினைப் போட்டதும் நானா காதைக் கிட்ட வைத்துக் கேட்டார். "இது மூச்சு விடுதா இல்லையா?" என்றார். யன்னல் வெயிலைக் காட்டினேன். பின்பக்கம் ஒரு மினுக்கமும் இல்லை. அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அந்த ஒன்றும் வராத இடத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

மெசினின் குழாயைக் கிரைண்டரோடு சேர்த்துக் கட்டினோம். கரண்ட் இல்லாத நாளில் ஜெனரேற்றர். முதலில் மெசின், அது ஓட்டம் பிடித்த பிறகுதான் கிரைண்டர். இரண்டையும் ஒன்றாய்ப் போட்டால் ஜெனரேற்றர் படுத்துவிடும். கொம்பிரசர் குழாயை நானா அலுமாரியில் வைத்துப் பூட்டினார். காற்றடிப்புக்குப் பதிலாய் மெசினின் தூரிகையால் ஒருவர் சட்டையை ஒருவர் உறிஞ்சிவிட்டோம். அதிலும் பகிடிக்குக் குறைவில்லை. நான் நாட்களை எண்ணத் தொடங்கினேன். கோட்டுக்கு வெளியே நின்று பிள்ளையின் கன்னத்தைப் பார்ப்பேன். சிவப்பு மங்கிக்கொண்டு வந்தது.

பத்தாம் நாள் ஆயுத பூசை. அன்றைக்கு நானா பட்டறையை எங்களிடம் விட்டுவிடுவார். முதல்நாளே எல்லா ஆயுதத்தையும் கழுவிச் சந்தனம், குங்குமம் வைப்பது வழக்கம். அதைப் பொறுப்பாய்ச் செய்கிறவர் தம்பலகாமத்தால் வந்த அண்ணன், எங்களில் மூத்த வேலைக்காரர். சுத்தமென்றால் உயிர். பூசையன்று காலை நான் போனபோது சுத்தியல், கிரைண்டர், உளி எல்லாம் பொட்டு வைத்துப் பளபளத்தன. மெசினும் பளபளத்தது. அதன் மூடியைத் திறந்து பார்த்தேன். காகித பில்டர் சவர்க்கார வாசத்தோடு, நடுவில் ஒரு சந்தனப் பொட்டோடு இருந்தது.

"அண்ணை, இதையும் கழுவினனீங்களோ?"

"கழுவாமல்? எவ்வளவு ஊத்தை தெரியுமோ. மூண்டு தண்ணியில அலசி வலைக் கயித்தில காயப் போட்டனான். இப்ப பார், பூப்போல."

பூசை முடிந்து, அவல் சாப்பிட்டு, மெசினை ஒரு தரம் ஓட்டிப் பார்த்தோம். யன்னல் வெயிலில் பின்பக்கம் மினுங்கியது. காகிதத்தின் நுண்துளையெல்லாம் அலசலில் விரிந்துவிட்டது. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

"பிழை விட்டிட்டன் என்ன?"

"தெரியாமல்தானே அண்ணை."

"எனக்கு நீ சொல்லியிருக்கலாம்." அது நியாயம். வாங்கி வந்தவன் நான். துடைக்கலாம், மெல்லத் தட்டலாம், தண்ணீர் காட்டக் கூடாது என்று ஐந்து பேருக்கும் நான் சொல்லியிருக்க வேண்டும். கடையில் எனக்குச் சொன்னதை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

இருந்த ஒரே மேலதிக பில்டரைப் போட்டோம். அதுவும் போனால் கப்பல் வரும்வரை வழியில்லை. அன்றைக்கே மெசினைச் சுற்றி நின்று ஒன்றொன்றாய்ச் சொன்னேன். எதை வெளியே கொண்டுபோய்த் தட்டுவது, எதைத் தொடவே கூடாது, பையை எப்படி வாய் கட்டிப் புதைப்பது. அண்ணன் ஒரு நீல பீப்பாய்க்கு இரண்டு ஓட்டை போட்டு, மெசினுக்கு முன்னால் வைத்தார். கனமான தூசி முதலில் பீப்பாயில் விழுந்துவிட, மிச்சம் மட்டும் மெசினுக்குப் போனது. பில்டருக்குப் பாதி வேலைதான். அது அவருடைய சொந்தப் புத்தி. இனி அந்த பில்டரைத் தான்தான் பார்ப்பேன் என்றும் பொறுப்பெடுத்தார். வேறு யாராவது மூடியைத் தொட்டால் ஏச்சு விழும்.

நான் ஒன்றிலிருந்து திரும்ப எண்ணினேன்.

பதினாலாம் நாள் வெள்ளிக்கிழமை. நானா தொழுகைக்குப் பள்ளிவாசல் போவதால் மத்தியானத்தோடு பட்டறை பூட்டு. அண்ணன் என் சட்டையின் முன்னும் பின்னும் இரண்டு தரம் தூரிகை ஓட்டி, காதுக்குப் பின்னாலும் உறிஞ்சி, "போ, இனிப் போய்த் தூக்கு" என்றார். வீட்டுக்கு வந்து குளித்தேன். உங்கள் அம்மா டோர்ச்சோடு வந்து என் கையைப் பார்த்தா, பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தா, முழங்கை மடிப்பை விரித்துப் பார்த்தா. பிறகு பிள்ளையை நீட்டினா.

மூத்தவளே, நீ வீரிட்டு அழுதாய். இத்தனை நாளும் தூரத்தில் நின்று ஆடிய மனிதன் கிட்டே வந்ததும் பயந்துபோனாய். "கேட்டுக் கேட்டுத் தூக்கினீங்கள், இப்ப பாருங்கோ" என்று அம்மா சிரித்தா. நான் முற்றத்தில் மேலும் கீழும் நடந்தேன். கொஞ்ச நேரத்தில் முகத்தை என் தோளில் வைத்து உரசினாய். நான் குனிந்து கன்னத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இன்னொரு தரம் உரசிவிட்டு அப்படியே நித்திரையாகிப் போனாய்.

சோறு ஆறுகிறது, பிள்ளையை இறக்கி வையுங்கோ என்று அம்மா இரண்டு தரம் கூப்பிட்டா. இடது கை விறைத்துக் கட்டையாகிவிட்டது. வலது கையால் சாப்பிடுகிறேன் என்று சொல்லி, பிள்ளையோடு போய்ச் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தேன்.