சிவப்பு நூல் கட்டிய ஸ்லைடு

பிள்ளையார்பாளையத்திலிருந்து ஏனாத்தூர் போகும் எட்டேகால் பேருந்தில் அவர் என் பக்கத்தில் உட்காருவார். பெயர் கேட்டதில்லை, என் நாட்குறிப்பில் ‘மகரந்தக்காரர்’ என்றே இருக்கிறார். ஒல்லியான இளம்பெண், விரல்நுனியில் எப்போதும் மஞ்சள். முன் சீட்டுப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு, அவள் தலைச் சாமந்தியை டிக்கெட்டின் மேல் தட்டித் தூளை மடித்துக்கொள்வார். பூச்செடிகள் எப்படிக் கிளைபிரிந்து வந்தன என்பது மகரந்தத்தின் பள்ளங்களில் தெரியும் என்பார்.

ஒருநாள் ஒரு பத்திரிகையை விரித்துக் காட்டினார். அவருடைய நான்கு வருட ஆய்வு, அவருக்கு வழிகாட்டும் பேராசிரியர் பெயரில் மட்டும் வந்திருந்தது.

“தாமரைத் தூளுக்கு மூணு பள்ளம்க்கா, அல்லிக்கு ஒண்ணுதான். கோயில் வாசல்ல ரெண்டையும் ஒரே வாளியில வெச்சு விக்கிறாங்க. அல்லித்தூள் ஒட்டின ஸ்லைடைக் கழிச்சு, வீட்டுத் தறியில பழுதான புடவைக்குக் கட்டற மாதிரி சிவப்பு நூல் கட்டி வெச்சிருந்தேன். அதான் ஒசத்தின்னு நெனச்சு, தாமரைன்னு படம் போட்டுக்கினாரு.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?”

“என் பேரை எடுத்தப்ப அவரு சொன்னாரா? நாளைக்கு ஆய்வுக் கூட்டத்துல பேசறாரு. அங்க வெச்சுக்கறேன்.”

இரண்டு நாள் கழித்து, “கேட்டியாம்மா?” என்றேன்.

“கேட்டேன்க்கா. ‘யாரும்மா நீ?’ன்னாரு, தெரியாத மாதிரி. ‘அந்த நூலைக் கட்டினவ சார்’னேன். எதுக்குக் கட்டறதுன்னும் எல்லார் எதிர்லயும் சொன்னேன்.”

சொல்லிவிட்டுச் சாமந்தியைத் தட்டினார். டிக்கெட்டை விரிக்க மறந்ததில், தூள் முழுவதும் என் புடவையில் கொட்டியது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

அவர் பெயரைக் கேட்டு எழுத அன்றைய பக்கத்தில் ஒரு வரி விட்டுவைத்தேன். இன்னும் காலியாகவே இருக்கிறது.