ஏழாவது குப்பி

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்களோடு சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் இதை என்னிடம் சொன்னவள் எதையும் அளந்து பார்த்துத்தான் பேசுவாள். வேலையே அதுதான்.

ஆய்வகத்தில் அவளுக்குப் பொடிசு என்று பெயர். வைத்தது அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, பக்கத்து மேசைக்காரி. சோறு தண்ணி முதல் அழுகை வரை எல்லாம் அக்காவிடம்தான்.

எலியின் ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் ஒரு புரதம் உண்டு. அதை அளப்பது பொடிசின் வேலை. பயோட்டின் என்ற வைட்டமின் ஒட்டிய ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், சின்னக் குப்பியில் வரும்; அது அந்தப் புரதத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். பிறகு இரண்டு மருந்து விட்டால் சோதனைத் தட்டின் குழிகள் நீலமாகும். இரண்டு மாதமாக நீலம் வரவே இல்லை. ஆறு குப்பி வீண். "இதுதான் கடைசி. இதுவும் சொதப்பினா நிரந்தர வேலைய மறந்துடு," என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்று ஞாயிறு. ஆய்வகத்தில் அவள் மட்டும். மதியம் 2.30க்குப் புதுக் குப்பி கூரியரில் வந்தது. நோட்டில் குப்பியின் நம்பரைக் குறித்துக்கொண்டு, 3.05க்கு ஐஸில் வைத்தாள்.

3.12. அட்டை காட்டினால்தான் திறக்கும் கதவு... டிக்.

அக்கா!

"ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டியா, பொடிசு?"

"நீங்க ஊருக்குப் போறேன்னீங்களே?"

"போயிட்டேன்."

சிரிப்பு அதே சிரிப்புதான். ஆனால் வெளியே நடைவழி விளக்கு எரியவில்லை. ஆள் நடந்தால் தானாக எரிகிற விளக்கு அது. அக்கா காலில் செருப்பும் இல்லை.

"முகமெல்லாம் வாடிக் கிடக்கு. போய்க் கழுவிட்டு வா. நான் பாத்துக்கறேன்."

போனாள். இரண்டே நிமிடம்.

திரும்பி வந்தால்... அக்கா இல்லை. கதவுச் சத்தமும் கேட்கவில்லை.

குப்பி ஐஸில் இருந்தது. எடுத்து வேலையை முடித்தாள்.

5.10. கடைசி மருந்தை விட்டாள்.

5.20. நீலம் இல்லை.

5.30. தண்ணீர் போலவே நிறமற்று...

5.34. போன். பேராசிரியர்.

"அக்கா போன பஸ் கவுந்திருச்சும்மா. காலையில பத்தே காலுக்கே... எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"சார்... அவங்க இப்ப இங்க..."

போனை வைத்தாள். ஓடிப்போய்க் கதவுப் பதிவைப் பார்த்தாள். அன்று முழுக்க அவளுடைய அட்டை மட்டும்தான்.

மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்தாள். கடைசியாக உதவி செய்யத்தான் அக்கா வந்திருக்கிறாள் என்று நினைத்து நினைத்து அழுதாள். திரும்பி வேலைக்குப் போன அன்று பேராசிரியர் பேச்சுவாக்கில் கேட்டார்: "அந்த நிரந்தர வேலைக்கு உன் அக்காவும் மனு போட்டிருந்தா. உன்கிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை.

அன்று மாலையே அக்காவின் கணவர் ஒரு தெர்மோகோல் பெட்டியோடு வந்தார். "வீட்டு ஃப்ரீசர்ல பின்னாடி இருந்துச்சும்மா. உங்க லேப் சாமானோன்னு கொண்டாந்தேன்."

திறந்தாள். ஏழு குப்பி. ஆறு, வீணாய்ப்போனதாக அவள் நினைத்தவை. அக்கா குப்பியை மாற்றி வைக்க, அத்தனை நாளும் அவள் தட்டில் விட்டது வெறும் தண்ணீர்.

ஏழாவதை எடுத்தாள். நோட்டைப் புரட்டினாள்.

குறித்து வைத்த அதே நம்பர். ஞாயிறு மதியம் 2.30க்கு வந்த குப்பி. அது வரும்போது அக்கா செத்து நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மறுநாள் அதை வைத்தே சோதனை செய்தாள். ஐந்தே நிமிடம். தட்டு முழுக்க நீலம்.

வேலை அவளுக்கே கிடைத்தது. பயம்கூட விட்டுவிட்டதாம். ஆனால் என்னிடம் இதைச் சொல்லி முடித்தபோது அவள் கேட்டது ஒன்றுதான்.

"செத்ததுக்கு அப்புறமாவது அவங்களுக்கு மனசு மாறியிருக்கக் கூடாதா?"