திங்கட்கிழமை திரும்பிப் போன சட்டை

அமெரிக்காவிலிருந்து சித்தி வந்திறங்கிய அன்று, பாரிசின் லா ஷப்பெலில் நாங்கள் இருந்த ஒற்றை அறையில் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று. வந்தது சித்தி ஒருத்திதான். கூடவே மூன்று பெரிய பெட்டிகள். இரண்டை நிமிர்த்தி வைத்து அவற்றின்மேல் பலகை போட்டு நான் பள்ளிக்கூடப் பாடம் எழுதினேன். மூன்றாவது பெட்டியைத் திறந்தால் அதற்குள் இன்னொரு வெறும் பெட்டி இருந்தது. பாரிசில் வாங்கப்போகிற சாமான்களுக்காம். எனக்கு அப்போது ஒன்பது வயது. வெறும் பெட்டியைக் கடல் தாண்டிச் சுமந்துவருகிற ஒருவரை அதுவரை நான் கண்டதில்லை.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. நியூ ஜெர்சியில் இருந்தார். காலையில் கை வீசிக்கொண்டு வெளியே போவார், மத்தியானம் நாலைந்து பைகளோடு படியேறி வருவார். எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டிப் பார்ப்பார். அடுத்த நாள் அதில் பாதியைத் திரும்பக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அந்தக் காசுக்கு வேறு எதையாவது வாங்கி வருவார். அப்பாவுக்கு இது விளங்கவே இல்லை. “உவ சம்பளமில்லாமல் கடைச் சாமானுக்குக் காவல் இருக்கிறா” என்று அம்மாவின் காதில் மட்டும் சொல்லிச் சிரிப்பார்.

அப்பா ஓர் உணவகத்தில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்தால் சத்தமில்லாமல் என் பின்னால் வந்து கண்ணைப் பொத்துவார். “ஆரெண்டு சொல்லு பாப்பம்?” வெங்காயமும் பழைய எண்ணெயும் பாத்திரச் சவர்க்காரமும் கலந்த மணம் அந்த விரல்களில் இருக்கும். மணத்திலேயே தெரிந்துவிடும். ஆனாலும் நான் வேண்டுமென்றே ரீச்சர், தபால்காரர், கீழ்வீட்டு மாமா என்று ஊரிலுள்ள எல்லாரையும் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் அப்பா என்பேன்.

அப்பாவின் பிரெஞ்சில் பாதி அந்த உணவகக் குசினியில் கற்றது. அங்கே தலைமைச் சமையற்காரர் ஒருவர் இருந்தார். தட்டில் சாப்பாட்டை அழகாக வைத்து முடித்தபின் சட்டி கழுவுகிறவர்கள் அதன் கிட்டவும் போகக்கூடாது. தவறிக் கை நீண்டால், “தூஷ் பா!” என்று கத்துவாராம். தொடாதே என்று அர்த்தம். அப்பா மூக்கைத் தூக்கிக்கொண்டு அந்த மனிதரைப் போலவே கத்திக் காட்டுவார். அம்மாவும் நானும் வயிறு நோகச் சிரிப்போம். அது சிரிக்கிற விஷயம் என்றுதான் அப்பா எங்களுக்குக் காட்டி வைத்திருந்தார்.

சித்தி நின்ற நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணனுடைய மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. பாரிசுக்கு வெளியே ஸ்தேனில் பெரிய மண்டபம் எடுத்திருந்தார்கள். அம்மாவுக்கு ஒரு வாரமாக நித்திரை இல்லை. அதற்கு முந்திய கலியாண வீட்டில் ஒரு மாமி என் சட்டையை விரலால் தூக்கிப் பார்த்து, “உது போன வருசப் படத்திலையும் இருக்கெல்லே?” என்று கேட்டிருந்தார். அம்மா அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார்.

சித்திக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையாகவே படவில்லை. “அக்கா, நீங்கள் எந்தக் காலத்திலை இருக்கிறியள்? திறமான சட்டையாய் ஒண்டு வாங்குங்கோ. விலைச்சீட்டை மட்டும் கழட்டாதேங்கோ. உள்ளுக்கை மடிச்சு ஊசி குத்திவிட்டால் ஆருக்குத் தெரியப்போகுது? திங்கட்கிழமை கொண்டுபோய்க் குடுத்தால் முழுக்காசும் வரும்.”

“அது பிழையெல்லே?”

“என்ன பிழை? சட்டை போகுது, சட்டை வருது. கடைக்காரனுக்கு என்ன குறைஞ்சுபோச்சு? அங்கை எங்கடை பக்கம் முழுச்சனமும் உப்பிடித்தான்.”

முழுச்சனமும் செய்தால் பிழையில்லை என்று அம்மா நினைத்திருக்கவேண்டும். சனிக்கிழமை மூன்று பேருமாகப் பெரிய கடை ஒன்றுக்குப் போனோம். எனக்குப் பாலாடை நிறத்தில், மூன்று அடுக்கு வலை வைத்த சட்டை. அம்மாவுக்கு ஒரு தோல் கைப்பை. பணம் கட்டும்போது அம்மாவின் விரல் அட்டை இயந்திரத்தின் இலக்கங்களைத் தவறவிட்டு இரண்டாம் தரம் அழுத்தியது. எனக்குத் தெரியும், அந்த அட்டையில் இருந்தது புது வீட்டுக்கான காசு.

சென் தெனியில் எங்களுக்கு இரண்டு அறை வீடு ஒன்று கிடைத்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை முற்பணம் கட்டிக் கையெழுத்து வைக்கவேண்டும். அங்கே எனக்கென்று தனிக் கட்டில் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்றிரவு அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து எனக்குப் பாடம் சொல்லித்தந்தார். சட்டையில் ஊத்தை பட்டால் கடை எடுக்காது. கடை எடுக்காவிட்டால் முற்பணம் காணாது. முற்பணம் காணாவிட்டால் வீடு வேறு ஆருக்கோ போய்விடும். நாலாவது விரலை மடித்தபோது குரலைத் தாழ்த்தினார். “அப்பாவுக்குச் சொல்லப்படாது.”

ஞாயிறு காலை பஸ்சில் இருக்கை காலியாக இருந்தும் நான் இருக்கவில்லை. கம்பியைக் கடதாசிக் கைத்துண்டால் பிடித்துக்கொண்டு ஸ்தேன் வரைக்கும் நின்றபடி போனேன். பிடரியில் விலைச்சீட்டின் மூலை குத்திக்கொண்டே இருந்தது. அம்மாவுக்கும் என் நிலைமைதான். புதுக் கைப்பைக்குள் கடைக்காரர்கள் அடைத்துவைத்த கடதாசி அப்படியே இருக்கவேண்டும் என்பதால், அவருடைய பஸ் அட்டை, சீப்பு, தலையிடிக் குளிசை எல்லாம் சித்தியின் பைக்குள் போயிருந்தன. அம்மா வெறும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

தமிழர் கொண்டாட்டத்தில் ஒரு சொட்டும் படாமல் உள்ளே போய் வருவது லேசான காரியமா? வாசலிலேயே இரண்டு அக்காமார் தட்டுகளோடு நின்றார்கள். ஒருத்தியிடம் சந்தனமும் குங்குமமும், மற்றவளிடம் பன்னீர்ச் செம்பு. போகிறவர் வருகிறவர் எல்லாரையும் அவள் கைவலிக்க நனைத்துக்கொண்டிருந்தாள். நான் பருத்த மாமா ஒருவரின் முதுகுக்குப் பின்னால் பதுங்கி உள்ளே போனேன். அப்படியும் ஒரு வீச்சுப் பன்னீர் கழுத்தில் பட்டுவிட்டது. கழிப்பறைக்கு ஓடி, கை உலர்த்துகிற இயந்திரத்தின் கீழே குனிந்து நின்றேன். சென் தெனி வீடு கையை விட்டுப் போகிறது என்றே நினைத்தேன்.

உள்ளே இன்னும் பெரிய ஆபத்துகள் இருந்தன. சின்னப் பிள்ளைகள் சோஸ் வடிகிற ரோல்சுகளோடு ஓடித் திரிந்தார்கள். மேசைக்கு மேசை ஒரேஞ் சோடா. பெரியபிள்ளையான அக்காவை வாடகைக் குதிரை வண்டியில் ஏற்றி மண்டபத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். குதிரை பெய்த மூத்திரத்தைத் தாண்டிப் பட்டுச்சேலைகள் பாய்ந்தன. அக்காவுக்கு நாலு தரம் உடுப்பு மாற்றினார்கள். சித்தி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “எங்கடை பக்கம் ஹெலிகொப்ரரிலை கொண்டுவந்து இறக்கிறவை” என்றார். அதைக் கேட்ட பெண்ணின் தகப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது வயிற்றுக்குத்து என்று சொல்லிவிட்டேன். பாயாசம் கண் முன்னாலேயே போயிற்று. இத்தனை பயத்துக்குள்ளும் ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். எனக்கு அந்தச் சட்டையின்மேல் ஆசை வந்துவிட்டது. கண்ணாடியில் நான் வேறு யாரோ பிள்ளையாகத் தெரிந்தேன். போன தடவை பழித்த மாமியே கிட்ட வந்து, “என்ன வடிவு! எங்கை எடுத்தனீங்கள்?” என்று கேட்டார். அம்மா கடையின் பெயரைச் சொன்ன விதத்தை இன்னும் மறக்கவில்லை. அவ்வளவு சந்தோசமாக அவரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

பின்னேரம் நாலரை மணி போல அப்பா வந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடியாமல் அவரை விடமாட்டார்கள். குசினிக்குப் பின்னால் உடுப்பு மாற்றிக்கொண்டு நேரே ஓடிவந்திருந்தார். தலை நனைந்திருந்தது. கையில் சின்ன மட்டைப்பெட்டி. அதற்குள் எனக்கென்று உணவகத்தில் கேட்டு வாங்கிய சொக்லேற் கேக் துண்டு. வாசலில் நின்று கூட்டத்துக்குள் என்னைத் தேடினார். நான் முன்னாலேயே நின்றேன். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

“என்ரை ராசாத்தி! இது ஆர் இது?”

பெட்டியை ஒரு கையில் பிடித்தபடி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். தூக்கப்போகிறார் என்று தெரிந்துவிட்டது. பெட்டியின் ஓரத்தில் சொக்லேற் ஒட்டியிருந்தது எனக்குத் தெரிந்தது. அவருடைய பெருவிரலிலும் இருந்தது. எனக்குத் தமிழ் வரவில்லை. பயந்தால் எனக்குப் பிரெஞ்சுதான் வரும்.

“தூஷ் பா!” என்று கத்தினேன்.

பாட்டு ஓய்ந்திருந்த நேரம். சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது. அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். விரித்த கைகள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். சித்தி, “பிள்ளை நல்ல கண்டிப்பு” என்று சிரித்தார். அம்மா எதையோ சொல்ல வாயைத் திறந்தார். சட்டையை மெச்சிய மாமி பக்கத்திலேயே நின்றார். அம்மா வாயை மூடிக்கொண்டு கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

“ஓம், ஓம். சரி, பிள்ளை” என்றார் அப்பா. கேக் பெட்டியைப் பக்கத்தில் ஓடிய சின்னப்பொடியன் ஒருவனிடம் கொடுத்துவிட்டுக் கழிப்பறைப் பக்கம் போனார். அவர் திரும்பி வரக் கன நேரமாயிற்று. படத்துக்குக் கூப்பிட்டபோது வந்து எங்களோடு நின்றார். எனக்கும் அவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் நிற்கலாம். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. என் சட்டை பளிச்சென்று தெரிகிறது. அப்பாவின் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால்.

எனக்கு அப்போது இருந்த ஒரே உணர்ச்சி நிம்மதி. சொக்லேற் படவில்லை. வீடு தப்பிவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூடம் முடிந்ததும் கடைக்குப் போனோம். பிரெஞ்சில் பேசுவது என் பொறுப்பு. திருப்பி எடுக்கும் மேசையில் நின்ற பெண் முதலில் கைப்பையைப் பார்த்தார். பிறகு சட்டையை விரித்து ஒவ்வொரு அடுக்காகத் தூக்கிப் பார்த்தார். கழுத்துப் பக்கத்தைக் கிட்டக் கொண்டுபோனவர் நின்றார். மோந்து பார்த்தார். பன்னீர்! அந்தப் பெண் என்னைப் பார்த்தார், என் கழுத்தோரத்தில் விலைச்சீட்டு கீறிய சிவந்த கோட்டைப் பார்த்தார் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

“உனக்குப் பிடிக்கவில்லையா?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

“எனக்கு அளவில்லை” என்றேன். அழுகை வந்தது. அது நடிப்பில்லை, சட்டையை விட மனமில்லாத அழுகை. அந்தப் பெண் இயந்திரத்தில் எதையோ அழுத்தினார். முழுக்காசும் அட்டைக்குத் திரும்பியது. சித்தி அதைக் கொண்டாட வாசனைத் தைலம் வாங்கப் போனார். அம்மா மெத்ரோ ரயில் நிலையத்து வாங்கிலில் இருந்தபடி என்னைக் கட்டிப்பிடித்து, “கெட்டிக்காரி, நீயெல்லே வீட்டைக் காப்பாத்தினது” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு ஓய்வு நாள். தேநீர் குடித்துக்கொண்டே, “அந்தச் சட்டை எங்கை? பிள்ளை ஒருக்காப் போட்டுக்கொண்டு வரட்டன், நான் வடிவாய்ப் பாக்கேல்லை” என்றார் அம்மாவிடம். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, “அது அளவில்லை. வேறை பிள்ளைக்குக் குடுத்திட்டன்” என்றார். அப்பா குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். நாலாவது விரலை நான் மடித்தே வைத்திருந்தேன்.

சித்தி ஐந்து பெட்டிகளோடு விமானம் ஏறினார். நாங்கள் மாதக் கடைசியில் சென் தெனிக்குப் போனோம். சொன்னபடியே எனக்குத் தனிக் கட்டில். குளியலறையில் எங்களுக்கே எங்களுக்கென்று வெள்ளைத் தொட்டி, திருகினால் உடனே சுடுதண்ணீர். அப்பா வேலையால் வந்தால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே அங்கேதான் போவார். சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். அம்மா பிழிந்து வைத்த எலுமிச்சைத் தோலால் ஒவ்வொரு நகமாகத் தேய்ப்பார். திரும்பவும் கழுவுவார். பிறகு வாசலில் நின்று, “பிள்ளை, நான் வந்திட்டன்” என்று கூப்பிடுவார். பின்னால் வந்து கண்ணைப் பொத்துவது எப்போது நின்றது என்று நான் கவனிக்கவே இல்லை. புது வீட்டுச் சுடுதண்ணீர் எங்கள் அப்பாவுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று, பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.